பச்சை பூசிய குழாய்

சாமி,

உனக்கு நான் காகிதத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ ஹாஸ்டலில் இருந்தபோதுகூட உன் அம்மாதான் எழுதுவாள், நான் கடைசியில் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவேன். உன்னிடமிருந்து ஊர் திரும்பி ஒன்றரை மாதம் ஆகிறது. அதற்குள் நீ எத்தனையோ தடவை போனில் கூப்பிட்டுவிட்டாய். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். பிறகு அங்கே குளிர் எப்படி, சாப்பிட்டாயா என்று எதையோ கேட்டுவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்துவிடுவேன். என் வாய்க்கு அந்தத் துணிச்சல் இல்லை. கைக்காவது இருக்கிறதா பார்க்கலாம் என்று நல்லம்பள்ளிக்குப் போய் ஒரு நோட்டு வாங்கினேன். கடைக்காரர், பேரப்பிள்ளைக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் எனக்கு எவ்வளவு லேசாக வருகிறது என்று இதிலேயே தெரிந்துகொள்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ இருக்கும் நாட்டில், தினார் என்ற ஊரில், கடலைப் பார்த்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்து நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் சொன்ன பதில் பொய். சரியான பதிலை எழுதத்தான் இந்த நோட்டு. ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம்தான். ஆனால் அன்றைக்கு உன்னோடு நடந்த ஒவ்வொரு அடியிலும் எனக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் நடந்தவன் யார் என்று தெரியாமலே நீ நடந்தாய்.

நீ குடியிருக்கும் ரென் நகரத்திலிருந்து நீ காரை ஓட்டிக்கொண்டு வந்தாய். ஒரு மணி நேரப் பாதை. வழியெல்லாம் பச்சை, மாடுகள், மறுபடி பச்சை. எங்குமே வறண்ட பாறை கண்ணில் படாதது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நான் ஊரிலிருந்து கிளம்பும்போது உன் அம்மா ராகி மாவும் எள்ளுருண்டையும் கட்டிக்கொடுத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "கடல்ல கால நனைச்சிட்டு வாங்க. எனக்கும் சேத்து." அவள் கடலைப் பார்த்ததே இல்லை என்பது உனக்குத் தெரியும். ஏன் பார்க்கவில்லை என்பதற்கு நான் சொல்லும் காரணமும் தெரியும். அவள் ஓடியாடித் திரிந்த காலத்தில் ராமேஸ்வரம் போகலாம், திருச்செந்தூர் போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு அடுத்த ஊரில் போர் போட நீரோட்டம் பார்த்துப் பாயிண்ட் வைக்க வேண்டியிருக்கும். எனக்கு ஓய்வு வந்தபோது அவளால் பஸ்ஸில் கால் மடக்கி உட்கார முடியவில்லை. இதை நான் விதி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களும் தலையை ஆட்டினார்கள்.

அந்த ஊர்க் கடற்கரையில் நீலமும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கூடாரங்கள் வரிசையாக நின்றன. மேலே பாறை உச்சியில் கோபுரம் வைத்த பழைய பங்களாக்கள். பணக்காரர்கள் ஓய்வெடுக்க வருகிற ஊர் என்று நீ சொன்னாய். நாம் போய் இறங்கிய நேரத்தில் கடலைக் காணோம். நிஜமாகவே காணோம். ஈர மணல் தூரத்துக்கு விரிந்து கிடந்தது, எங்கோ கடைசியில் ஒரு வெள்ளைக் கோடு. இவ்வளவு தூரம் வந்தும் எனக்கு இங்கேயும் வறட்சியா என்று நினைத்துக்கொண்டேன். நீ சிரித்துக்கொண்டே, இந்தப் பக்கத்தில் கடல் ஒரு நாளில் இரண்டு தடவை உள்ளே போய்த் திரும்பும், மத்தியானம் இந்தச் சுவர் வரைக்கும் வந்துவிடும் என்று விளக்கினாய். சிரிக்கும்போது உன் வலது கை தானாக எழுந்து வாயை மூடியது. உள்ளே இருந்ததெல்லாம் புதுப் பல். அந்த ஊர் டாக்டர் ஒவ்வொன்றின் மேலும் ஓடு போல ஒட்டி வெள்ளையாக்கியிருந்தார். மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. கைக்கு மட்டும் அது தெரியவில்லை. ஆறாம் வகுப்பில் ஹாஸ்டல் பிள்ளைகள் உன்னைத் துருப்பல்லன் என்று கூப்பிட்ட நாளிலிருந்து ஏறிய கை அது.

மணலில் சிமெண்டுச் சுவர் எழுப்பி ஒரு தொட்டி கட்டியிருந்தார்கள். கடல் ஏறும்போது தொட்டி நிரம்பிவிடும், இறங்கினாலும் தண்ணீர் அதில் நிற்கும், ஜனங்கள் நீந்தலாம். அந்தக் குளிரில் ஒரு அம்மாள் அதில் நீந்திவிட்டுப் படியேறி வந்தார். எண்பது வயதுக்குக் குறையாது. முதுகு நேராக இருந்தது. துண்டை எடுக்கக் குனிந்தார், நிமிர்ந்தார், தலையைப் பின்னால் சாய்த்து முடியை உதறினார். சாதாரணமாகத்தான் செய்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். உன் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு. கழுத்து நிமிராத அவள் வானத்தைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது என்று எனக்குத் தெரியும். நிலா வந்திருக்கிறதா என்று என்னைத்தான் கேட்பாள். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குளிர்ந்த தண்ணீரில் அவளுக்கும் சேர்த்துக் கால் நனைத்தேன். நீ போட்டோ எடுத்தாய். அந்தப் போட்டோவில் நான் சிரிப்பதாக உன் அம்மா சொல்கிறாள். அது சிரிப்பில்லை.

அப்புறம் நீ ஒரு வேடிக்கை செய்தாய். முந்தின நாள் கடையில் தேங்காய் ஒன்று வாங்கிப் பையில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தாய். அதை என் உள்ளங்கையில் வைத்து, "இங்க ஒரு பாயிண்ட் பாருங்கப்பா" என்றாய். நானும் விளையாட்டுக்குத் தேங்காயைப் படுக்கப் போட்டுக்கொண்டு மணலில் பத்தடி நடந்தேன். தேங்காய் எழுந்து நின்றது. நீ கைதட்டினாய். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரரும் நின்று கைதட்டினார். முப்பது வருஷமாக இந்த மாவட்டத்தில் நான் செய்ததும் அதுதானே. இண்டூரிலிருந்து அதியமான்கோட்டை வரைக்கும் போர் போட நினைத்தவர்கள் முதலில் என் வாசலுக்குத்தான் வந்தார்கள். செருப்பில்லாமல் காட்டைச் சுற்றி நடப்பேன், தேங்காய் நின்ற இடத்தில் கல்லைப் போட்டுக் கற்பூரம் ஏற்றுவார்கள், மறுநாள் போர் வண்டி வரும். உன் கை பொய் சொல்லாது என்று ஊரே சொன்னது. இப்போது சொல்கிறேன், தேங்காயை நிறுத்துவது சுண்டுவிரல். எந்தச் செடி எங்கே பச்சையாக நிற்கிறது, புற்று எங்கே இருக்கிறது, பாறை எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் கண்தான் பார்த்துவிடும். அதற்கப்புறம்தான் விரல் அசையும். கண்ணைப் பற்றிச் சொன்னால் யாரும் மதிக்க மாட்டார்கள் என்று கையைப் பற்றிச் சொன்னேன். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. நான் காப்பாற்ற நினைத்த பெயர் இவ்வளவுதான்.

கடற்கரையை விட்டுப் பாறையோரமாக ஒரு ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். முன்காலத்தில் கடத்தல்காரர்களைப் பிடிக்கக் காவலர்கள் நடந்த பாதை என்றாய். ஒரு பக்கம் பங்களாக்களின் மதில், இன்னொரு பக்கம் கீழே கடல். எனக்கு மூச்சு வாங்கும் இடங்களில் நீயும் எதையோ பார்ப்பது போல நின்றாய், நான் கவனித்தேன். ஒரு திருப்பத்தில் பங்களா ஒன்றின் மரக்கதவுக்குப் புதிதாகப் பச்சை அடித்திருந்தார்கள். நீ அதன் பக்கத்தில் போய் நின்றாய். "இந்தப் பச்சையப் பாத்தா நம்ம போர் பைப்புதாம்பா ஞாபகம் வருது. எனக்கு ஞாபகத்துல இருக்கற மொத விஷயமே அதுதான். நீங்களும் நானும் சேந்து பச்ச அடிச்சோமே." டப்பாவை நீ பிடித்துக்கொண்டிருந்ததாகவும், கையெல்லாம் பெயிண்டு மையாகி அதைச் சுவரில் அப்பியதாகவும், நான் திட்டாமல் சிரித்ததாகவும் சொன்னாய். அப்பா அன்றைக்கு அவ்வளவு பிரியமாக இருந்தார் என்று அந்த அறியாத ஊர்க் கதவிடம் சொல்வது போலச் சொன்னாய். நான் மதிலைப் பிடித்துக்கொண்டேன். மேடு ஏறியதால் என்று நினைத்து நீ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாய்.

அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்கு வீடியோ போட்டாய். நம் ஊரில் அப்போது சாயங்காலம். அம்மாவுக்குத் துணையாக இருக்கும் உன் சின்னம்மாதான் போனை எடுத்து அம்மாவின் மடிக்கு நேராகப் பிடித்தாள், அதற்கு மேலே பிடித்தால் அவளுக்குத் தெரியாதே. நீ போனைத் திருப்பிக் கடலைக் காட்டினாய். அதற்குள் கடல் திரும்பி வரத் தொடங்கியிருந்தது. அந்தத் தொட்டியின் சுவர் மூழ்கிவிட்டது. அவள் அதை நன்றாகப் பார்த்தாள். பிறகு, இவ்வளவு தண்ணீரில் ஒரு சொம்பு குடிக்க முடியாதாமே என்று கேட்டாள். ஆமாம்மா, உப்பு என்றாய் நீ. அதற்கு அவள் சொன்னதை நீ சாதாரணமாக எடுத்துக்கொண்டாய். "வாயில வச்சதும் உப்புன்னு சொல்லிடுதில்ல சாமி. அந்த மட்டுக்கும் அது நல்ல தண்ணிதான்."

போனைச் சட்டைப்பையில் வைத்தாய். அப்புறம்தான் கேட்டாய். பல் டாக்டர் நீ எந்த ஊரில் வளர்ந்தாய், என்ன தண்ணீர் குடித்தாய் என்று விசாரித்தாராம். இந்தக் கறை பல் முளைத்த பிறகு வந்ததில்லை, எட்டு வயதுக்குள் ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு சேர்ந்துவிட்டது, வளர்ந்தவர்களுக்கு அதே தண்ணீர் வருஷக்கணக்கில் எலும்பில் சேரும் என்று சொன்னாராம். இதையெல்லாம் எனக்குப் பாடம் போலப் பொறுமையாக விளக்கினாய். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நம்ம போர் தண்ணி கெட்டதுன்னு உங்களுக்கு எப்பப்பா தெரியும்?" என்றாய்.

"அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்த டாக்டர் சொன்னப்பதான் சாமி. நீ அப்ப காலேஜ் முடிச்சிட்ட" என்றேன். யோசிக்கவே இல்லை. நாக்கில் தயாராக உட்கார்ந்திருந்த பொய் அது. நீ ஒரு பெரிய மூச்சு விட்டாய். "ரெண்டு வருஷமா இதையே நெனச்சிக்கிட்டு இருந்தம்பா. கேக்கவும் பயமா இருந்துது. உங்க மேல தப்பில்ல, விடுங்க" என்று என் தோளைத் தட்டினாய். அதற்கப்புறம் நீ வேறு ஆளாகிவிட்டாய். கோதுமை தோசை மாதிரி ஒன்றை வாங்கிக் கொடுத்தாய். கடற்பறவை ஒன்று என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு போனபோது நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பெரிதாக, பல் தெரிய, சின்னப் பிள்ளையாக இருந்தபோது சிரித்த மாதிரி. கை மேலே வரவில்லை. சட்டைப் பக்கத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது. என் பொய் உனக்கு அதைக் கொடுத்தது. அதைத்தான் இப்போது பிடுங்கிக்கொள்ளப் போகிறேன்.

உனக்கு நாலு வயது. மூன்று வருஷம் மழை பொய்த்து ஏரி வெடித்துக் கிடந்தது. மற்றவர்கள் பார்த்துக் கொடுத்த இடங்களில் போட்ட போர் எல்லாம் புழுதியைக் கக்கின. நான் நம் வீட்டுக்குப் பின்னால் தேங்காயோடு நடந்து ஓர் இடம் வைத்தேன். நானூறு அடியில் தண்ணீர் பீறிட்டு வேப்பமர உயரத்துக்கு அடித்தது. ஊர் ஜனங்கள் குடத்தோடு ஓடிவந்தார்கள், எனக்கு மாலை போட்டார்கள். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் நனைந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நாள் இல்லை. மறுவாரத்திலிருந்து என்னைத் தேடி எட்டு ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

சில மாதம் கழித்துத் தண்ணீர் பரிசோதிக்கும் ஆட்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது உன் அம்மா மிளகாய்த் தோட்டத்தில் இருந்தாள். வந்தவர் சின்ன வயசுக்காரர், ரொம்ப மரியாதையாகப் பேசினார். இது ஆழத்துப் பாறைத் தண்ணீர், பயிருக்குப் பாய்ச்சுங்கள், குளிக்கலாம், துவைக்கலாம், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வேண்டாம், குழந்தைக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஏரிக்கரைக் கிணற்றில் கொஞ்சமாக ஊறினாலும் அதைக் குடியுங்கள் என்றார். பல் கெடும், எலும்பு கெடும் என்றார். உன்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். போகும்போது குடிக்கக் கூடாது என்ற அடையாளத்துக்காகப் போர் குழாயில் நான்கு விரல் அகலத்துக்குச் சிவப்பு மையைச் சுற்றிப் பூசிவிட்டுப் போனார். எனக்கு விளங்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வார்த்தையும் விளங்கியது.

அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றேன். மறுநாள் நான் இண்டூரில் பாயிண்ட் வைக்க வேண்டும். என் வீட்டுக் குழாயிலேயே சிவப்பு இருந்தால் என் கையை எவன் நம்புவான் என்பதுதான் எனக்கு வந்த முதல் யோசனை. உன்னைப் பற்றிய யோசனை இரண்டாவதாகக்கூட வரவில்லை, சாமி. மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு அடித்து மீந்த பச்சை மை கொட்டகையில் இருந்தது. அதை எடுத்து வந்தேன். நீ டப்பாவைப் பிடித்துக்கொள்கிறேன் என்று ஓடிவந்தாய். அதைத்தான் நீ உன் முதல் ஞாபகம் என்கிறாய். நான் அன்றைக்குத் திட்டாமல் சிரித்தது பிரியத்தால் இல்லை, திட்டினால் நீ அழுவாய், அழுதால் அம்மா வந்துவிடுவாள் என்ற பயத்தால். குழாய் முழுவதையும் பச்சையாக்கினேன்.

சாயங்காலம் அவள் வந்து, என்னங்க புதுசாக மை என்று கேட்டாள். தண்ணீர் சோதனையில் பாஸ் ஆகிவிட்டது, அதற்குத்தான் பச்சை என்றேன். அதோடு நின்றிருந்தாலும் ஒரு வழி இருந்தது. அவளுக்குப் பழக்கத்தால் ஏரிக்கரைக் கிணற்றுத் தண்ணீர்தான் பிடிக்கும். போர் வந்த பிறகும் குடிக்க மட்டும் அங்கே போய் ஒரு குடம் எடுத்து வருவாள். ஊர் பார்த்தால் சந்தேகப்படுமே என்று எனக்கு உதைத்தது. "வூட்டு வாசல்ல தண்ணி இருக்கும்போது நீ எதுக்கு அவ்ளோ தூரம் நடக்கற" என்று குடத்தை வாங்கி வைத்தேன். பெண்டாட்டி மேல் இவ்வளவு அக்கறையுள்ள புருஷன் எந்த வீட்டில் இருக்கிறான் என்று அவள் தெருவில் சொல்லிப் பெருமைப்பட்டாள். பாஸ் ஆன தண்ணீர் என்று அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டுப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நம் தெருவில் இன்று கோலூன்றி நடப்பவர்களை நீ ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்க்கலாம். நான் தினமும் நினைத்துப் பார்க்கிறேன்.

எனக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று நீ ஒருநாள் கேட்டிருக்கிறாய். நான் பாயிண்ட் பார்க்கப் பத்து ஊர் சுற்றினேன், பத்து ஊர்த் தண்ணீர் குடித்தேன். அவள் ஒரே குழாயில் குடித்தாள். தெரிந்தே ஒதுங்கினாயா என்று இப்போது உனக்குத் தோன்றும். தோன்றட்டும். எனக்கே அது தெளிவாகத் தெரியவில்லை. வெளியே நன்றாகக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்த நாட்கள் இருந்தன, அதை மட்டும் சொல்ல முடியும். உனக்குப் புதுப் பல் முளைத்து அது பழுப்புக் கோடுகளோடு வந்தபோது, சரியாகத் துலக்குவதில்லை என்று உன்னை அடித்தேன். அந்த அடிகளை நீ மறந்திருக்கலாம். கரித்தூளை வைத்து ஈறில் ரத்தம் வரும்வரை நீ தேய்த்துக்கொண்டு நின்றது எனக்கு மறக்கவில்லை. அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும். உன்னை ஹாஸ்டலில் சேர்த்தேன். படிப்புக்காக என்றேன்.

அவளுக்கு முழங்கால், பிறகு இடுப்பு, பிறகு கழுத்து. வாதம் என்றார்கள், எண்ணெய் தேய்த்தேன். நானே தேய்த்தேன், ஒரு நாள் தவறாமல். டவுனில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், நீங்க குடிக்கறது என்ன தண்ணி என்று கேட்டபோது, அவர் கேட்டு முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அதற்குப் பிறகு ஒகேனக்கல்லிலிருந்து குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினோம். எலும்பில் ஏறியது இறங்காது என்று அவர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது உன் அம்மா எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள். உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம், மண்ணுக்குள் இருப்பது யாருக்குத் தெரியும் என்றாள்.

இப்போது உனக்குக் கோபம் வரும், இத்தனை வருஷம் மறைத்தவன் சாகும்வரைக்கும் மறைத்திருக்கலாமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் முடிவு செய்திருந்தேன். அந்தப் பச்சைக் கதவு என்னை விடவில்லை. நீ புத்திசாலிப் பிள்ளை. ஒரு குழாய்க்கு யாராவது காரணமில்லாமல் மை அடிப்பார்களா என்று ஏதோ ஒரு நாள் உனக்குத் தோன்றும். அந்த மைக்குக் கீழே என்ன இருந்தது என்று தோன்றும். அன்றைக்கு நீ கேட்க நான் இருக்க மாட்டேன். உன் கையில் ஒட்டியிருந்த பச்சையை வைத்து நீயும் அதில் பங்கு என்று நினைத்துக்கொள்வாயோ என்றுகூடப் பயந்தேன். உனக்கு அதில் பங்கு இல்லை. நாலு வயதுப் பிள்ளை டப்பாவைப் பிடித்தது, அவ்வளவுதான்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, இருந்தாலும் தகப்பனாகப் பழகிய வாய் சும்மா இருக்காது. ஊர் உன்னைப் புகழ ஆரம்பித்தால் அன்றிலிருந்து ஜாக்கிரதையாக இரு. புகழ்ச்சி போய்விடுமோ என்று நீ செய்வதை உன் வீட்டு ஆட்கள்தான் விழுங்க வேண்டிவரும். நீ யாருக்காவது உதவி செய்யும்போது, அந்த உதவியால் உனக்கு எது மறைகிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொள். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து அது எதையாவது கேட்டால், யோசிக்காமல் பதில் சொல்லாதே. இதற்கு மேல் எனக்குத் தெரியாது. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று எழுத வந்தேன், எழுதினால் அதுவும் ஒரு மை பூசுகிற வேலையாகிவிடும் போலிருக்கிறது. பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, வா. உன் அம்மாவைப் பார்க்க வா. என்னிடம் பேசாமல் இருந்தால் நான் ஏன் என்று கேட்க மாட்டேன். இன்னும் நாலு நல்ல வருஷம் கிடைத்தாலும் எதையும் சரிசெய்ய முடியாது என்பதை நான் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

உனக்கு அனுப்புவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. அவளைத் தாண்டி இது உன்னிடம் வருவது நியாயமில்லை. இன்று காலை சின்னம்மா சந்தைக்குப் போன நேரத்தில், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மேலே இருப்பதையெல்லாம் முதலிலிருந்து படித்துக் காட்டினேன். குடத்தை வாங்கி வைத்த இடத்தில் நான் நிறுத்தினேன், அவள் படியுங்கள் என்று சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அவள் முகம் தரையைப் பார்த்தே இருக்கும், அதில் என்ன ஓடுகிறது என்று பார்க்க நான் தரையில் உட்கார வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. படித்து முடித்து நோட்டை மூடினேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் வேண்டும் என்று கையைக் காட்டினாள்.

போய்ச் சொம்பில் எடுத்து வந்து, எப்போதும் போல வாய்க்கு அருகில் பிடித்தேன். முப்பத்தைந்து வருஷமாக நான் கொடுத்த எதையும் அவள் கேள்வி கேட்டதில்லை. இன்று உதட்டை மூடிக்கொண்டாள். வளையாத விரல்களால் என் கையைச் சொம்போடு சேர்த்துக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அதற்குள் இருந்ததைப் பார்த்தாள்.

"இது எந்தத் தண்ணிங்க?" என்றாள்.

ஒகேனக்கல் தண்ணீர் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவள் இன்னும் குடிக்கவில்லை, சாமி. சொம்பு கட்டிலுக்குப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. சின்னம்மா சந்தையிலிருந்து வந்து கொடுத்தால் குடிப்பாளாக இருக்கும். நான் வாசலில் உட்கார்ந்து அவள் வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டு இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன்.

அப்பா